வீட்டு விலை ஏறிய இலையுதிர்காலம்

அந்த வருடம் இலை பழுக்கத் தொடங்கியபோது எங்கள் வீட்டுக்கு இரண்டு செய்திகள் வந்தன. மொன்றியலில் வீட்டு விலை திரும்ப ஏறுகிறது என்பது ஒன்று. என் வீட்டுக்காரர் இனி எழும்பி நடக்க மாட்டார் என்பது மற்றது. முதலாவதைச் சொன்னது வீட்டு ஏஜென்ட், இரண்டாவதைச் சொன்னது டாக்டர். இரண்டு பேரில் ஏஜென்டின் கோட்டுத்தான் திறம்.

நாங்கள் அப்போது ரொக்ஸ்பரோவில் இருந்தோம். மகனும் மருமகளும் வாங்கிய வீடு. அதற்கு முன்னர் கோட்-டெ-நெய்ஜில் ஓர் அடுக்குமாடியில், மேல்வீட்டுக்காரன் சப்பாத்துக் கழற்றுகிற சத்தத்தைக் கேட்டுக் கேட்டுப் படுத்தவர்கள் நாங்கள். சொந்தக் கூரை கிடைத்ததும் என் மனுசன், தலைக்கு மேலே ஒருவரும் இல்லை என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அந்தச் சிரிப்பு அடங்க முதலே இந்த மாகாணத்துச் சனம் கனடாவை விட்டுப் பிரிவதா வேண்டாமா என்று வாக்குப் போட்டது. மயிரிழையில் பிரியவில்லை. ஆனால் பயந்தவர்கள் தாங்களாகவே டொரண்டோவுக்குப் பிரிந்து போய்விட்டார்கள். எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு விற்பனைப் பலகை முளைத்தது. புல்லு வெட்டுகிறவர்கள் பலகையைச் சுற்றி வெட்டப் பழகிக்கொண்டார்கள். வாங்கின விலைக்குக் கேட்கக்கூட ஆள் இல்லை. வீட்டில் தீராத வருத்தக்காரப் பிள்ளை இருந்தால் அதைப் பற்றி வெளியில் கதைக்க மாட்டோமே, மகன் அந்தக் காலத்தில் வீட்டைப் பற்றி அப்படித்தான் வாய் திறக்காமல் இருந்தான்.

பிறகு பலகைகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. பக்கத்து வீடு போனது, மூலை வீடு போனது. அதே நேரம் பார்த்து மகனின் தொழிற்சாலையில் ஆட்களைக் குறைத்தார்கள். மருமகளின் அண்ணன் டொரண்டோவில் ஒரு வேலை பிடித்து வைத்திருந்தார். மார்கழிக்குள் போனால் வேலை, போகாவிட்டால் அந்த இடத்தில் வேறு ஆள். பனி கொட்ட முதல் வீட்டை விற்பது, எல்லாரும் ஒன்றாக டொரண்டோவுக்குப் போவது, அப்பாவை வேனில் படுக்க வைத்துக் கொண்டுபோவது என்று மகன் முடிவு கட்டினான்.

அப்பாவை ஒருவரும் கேட்கவில்லை. அவர் கேட்காமலே சொன்னார்.

"நான் இந்த அறையிலதான் சாவன். டொரண்டோவில எனக்கு ஒருத்தரையும் தெரியாது."

"செத்தாப்பிறகு ஆரைத் தெரிஞ்சு என்ன செய்யப் போறியள்?" என்று கேட்டேன்.

"தூக்கிறதுக்கு நாலு பேர் வேணுமெல்லே."

அவருக்கு வயிற்றில் வருத்தம். ஆஸ்பத்திரியில் வெட்டித் திறந்து பார்த்துவிட்டு அப்படியே மூடித் தைத்து அனுப்பியிருந்தார்கள். முன் அறையில், யன்னலோரம் கட்டில் போட்டிருந்தோம்.

நல்லாயிருந்த காலத்தில் இவருக்குக் குளிர்தான் எதிரி. வெயில் கொளுத்துகிறபோதே அதற்கு ஆயத்தம் தொடங்கிவிடுவார். யன்னல்களுக்கு மெல்லிய பிளாஸ்டிக் தாள் ஒட்டி, தலைமயிர் காயவைக்கிற மெஷினால் சூடு பிடித்து, மத்தளத் தோல் மாதிரி இழுத்து நிமிர்த்துவார். வெளிக்குழாயை அடைப்பார். மழைத்தண்ணீர் ஓடுகிற கூரைப் பீலியில் சருகு அள்ளுவார். கார் நிற்கிற இடத்தில் வெள்ளைக் கூடாரம் கட்டுவார். சண்டைக்கோ போறியள் என்று நான் பகிடி பண்ணினால், சண்டைக்குத் தப்பி வந்து குளிருக்குச் சாகலாமோ என்று கேட்பார். அந்த வருடம் எல்லாவற்றையும் கட்டிலில் கிடந்தபடி மகனுக்குச் சொல்லிச் செய்விக்கலாம் என்று நினைத்திருந்தார்.

ஏஜென்ட் வந்து அதைக் கெடுத்தான்.

ஏஜென்ட் எங்கள் தமிழ் ஆள்தான். நாங்கள் கத்தோலிக்கச் சனம், அவன் சைவக்காரப் பொடியன். வந்த காலத்தில் சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவினவன். வீட்டு விலை ஏறுகிற வாசம் பிடித்ததும் படித்துச் சோதனை எழுதி இந்தத் தொழிலுக்கு வந்துவிட்டான். வீடு முழுவதும் சுற்றிப் பார்த்துவிட்டுக் குசினியில் வந்து நின்றான்.

"அம்மா, குறை நினைக்காதேங்கோ. வாற சனம் வீட்டை மட்டும்தான் பாக்கவேணும். உங்களைப் பாக்கக்கூடாது."

"நான் அவ்வளவு வடிவில்லையோ தம்பி?"

"ஐயோ, அப்பிடியில்லை அம்மா."

"பொய் சொல்ல வெளிக்கிட்டா முழியாமல் சொல்லவேணும். இப்பிடி முழிச்சா உன்னட்டை ஆர் வீடு வாங்கும்?"

அவனுக்குக் கோபம் வராது. அதுவும் ஒரு தொழில்தான். சொல்ல வந்ததைச் சொல்லி முடித்தான். வாசலில் பூசணிக்காய் இரண்டு வைக்கவேண்டும், செவ்வந்திப் பூச்சாடி வைக்கவேண்டும். சுவரில் இருக்கிற எங்கள் படங்களையும் சாமிப் படங்களையும் கழற்றிப் பெட்டியில் போடவேண்டும். மீன் சமைக்கக்கூடாது. ஆட்கள் வருகிற நாளில் கறுவாப் பட்டையைத் தண்ணீரில் கொதிக்கவிடவேண்டும். விறகு அடுப்பை மூட்டி வைக்கவேண்டும். அந்த வருடத் தொடக்கத்தில் பனிக்கட்டி மழை பெய்து கரண்டு இல்லாமல் ஊரே விறைத்துக் கிடந்த பிறகு, விறகு அடுப்பு இருக்கிற வீடு என்றால் சனம் வாயைப் பிளக்குமாம்.

செவ்வந்திச் சாடிகளை அவனே கொண்டுவந்து படியில் அடுக்கினான். "செத்தவீட்டுக்குத்தான் இவ்வளவு பூ வைக்கிறது" என்றேன். மருமகள் "மாமி" என்றாள். அவள் 'மாமி' என்கிற ஒரு சொல்லிலேயே ஒரு பிரசங்கம் வைத்து முடித்துவிடுவாள். பகலெல்லாம் சின்னப் பிள்ளைகளைப் பார்க்கிற கார்தரியில் வேலை. பிள்ளைகளை அதட்டி அதட்டி வந்த பழக்கம்.

யன்னல் தாளில்தான் பிரச்சினை வந்தது.

"தாள் ஒட்டக்கூடாது அம்மா. ஒட்டினா யன்னலால குளிர் வருகுது எண்டு தெரிஞ்சிடும்."

"வருகுதுதானே."

"அதுதான் தெரியக்கூடாது."

வெள்ளைக் கூடாரமும் கூடாது, அது வீட்டின் முகத்தை மறைக்குமாம். வீட்டைக் குளிருக்கு ஆயத்தப்படுத்துகிறதெல்லாம் விற்பனைக்கு ஆகாது என்று அன்றைக்குத்தான் விளங்கிக்கொண்டேன். வாங்கப்போகிறவனுக்குக் குளிர் என்று ஒன்று இருப்பதே தெரியக்கூடாது. ஆகவே இவருடைய யன்னல் வெறும் யன்னலாகவே இருந்தது. ஐப்பசிக் காற்று சட்டத்துக்குள்ளால் ஊசி மாதிரி வந்தது. நான் துவாயைச் சுருட்டி அடியில் வைப்பேன். ஆட்கள் வருகிற நாளில் மருமகள் அதை எடுத்துவிடுவாள்.

இவருடைய யன்னலுக்கு நேரே புல்லில்தான் விற்பனைப் பலகையையும் ஏஜென்ட் நட்டிருந்தான். அதில் அவனுடைய படம் பெரிதாக, இரண்டு பக்கமும்.

"தம்பி, ஒரு பக்கத்தை எண்டாலும் வெறுமையா விடேலாதோ? உன்ர பல்லைப் பாத்துக்கொண்டோ இந்த மனுசன் சாகிறது?" என்று கேட்டேன்.

"கொம்பனி அப்பிடித்தான் அடிச்சுத் தாறது அம்மா" என்றான் பாவம்.

சில ஆட்கள் வந்தார்கள், பார்த்தார்கள், போனார்கள். விலை ஏறுகிறது என்று எல்லாரும் சொன்னார்கள். எங்கள் வீட்டுக்கு அது இன்னும் தெரியவரவில்லை. ஒருநாள் ஏஜென்ட் தயங்கித் தயங்கி ஒரு கதை சொன்னான். இங்கத்தைப் பிரெஞ்சுச் சனம் வீடு விற்காவிட்டால் சூசையப்பர் சுரூபத்தை வீட்டு முற்றத்து மண்ணுக்குள் தாட்டுவார்களாம். தலைகீழாக.

"ஏனடா தலைகீழா?"

"அப்பதான் அவருக்கு அவசரம் வருமாம். வீட்டை வித்துத் தந்தா வெளியால எடுப்பம் எண்டு நேர்த்தி. நான் சைவம், எனக்கு உதில ஒண்டும் தெரியாது. ஆனா தாட்ட வீடெல்லாம் போயிட்டுது."

"உங்கட பிள்ளையாரைத் தாட்டுப் பாரன்."

"பிள்ளையாருக்கு இந்த ஊர்ச் சட்டம் தெரியாதம்மா."

அறைக்குள் இருந்து இவருடைய குரல் வந்தது. "பாவம் அந்த மனுசன். மனுசி பிள்ளையோட எகிப்துக்கு ஓடேக்கையே வீட்டைப் பூட்டிப்போட்டு ஓடினவர். அவருக்கு வீடு விக்கத் தெரிஞ்சிருந்தா வித்துப்போட்டெல்லே ஓடியிருப்பார்."

வீட்டில் ஒரு சின்னச் சுரூபம் இருந்தது. மொன்றியலுக்கு வந்த புதிதில், கோட்-டெ-நெய்ஜில் இருந்தபோது, அங்கே மலையில் இருக்கிற பெரிய சூசையப்பர் கோயிலுக்கு ஏறி வாங்கிவந்தது. படங்களோடு அவரும் பெட்டிக்குள் கிடந்தார். மகன் கோயிலுக்கு அதிகம் போகாதவன். அவனே அதை எடுத்துக்கொண்டு போய்ப் பலகைக்கு அடியில் கிடங்கு கிண்டினான். விசுவாசம் இருந்திருந்தால் செய்திருக்க மாட்டான். விசுவாசம் இல்லாதவன் அந்தரம் ஆபத்து வந்தால் எதையும் செய்வான். பிளாஸ்டிக் பையில் சுற்றித் தலை கீழாக வைத்து மண்ணை மூடி, மேலே சருகைக் கூட்டிப் பரப்பினான். நான் படியில் நின்று பார்த்தேன். அவனுடைய முதுகு அவனுடைய தகப்பனுடைய முதுகு மாதிரியே கூனத் தொடங்கியிருந்தது.

ஆட்கள் வீடு பார்க்க வருகிற நாட்களில் இவரைக் காரில் ஏற்றிக்கொண்டு போய்விடவேண்டும். மகன் தூக்கிப் பின் சீட்டில் சாத்துவான், நான் பக்கத்தில் இருந்து பிடித்துக்கொள்வேன். போவதற்கு இடமும் இல்லை. ரெயில் நிலையத்துக் கார் நிறுத்துகிற இடத்தில் போய் நிற்போம். மகன் வெளியே இறங்கி நின்று, வாங்குவார்களோ என்கிற முகத்தோடு வீட்டுப் பக்கமாகவே பார்த்துக்கொண்டிருப்பான். கண்ணாடியில் இலை விழுந்து ஒட்டும். ரெயில் வரும், போகும். எங்களை ஏற்றவேண்டும் என்று ஒரு ரெயிலும் நிற்கவில்லை.

"வீடு பாக்க ஊர்ச்சனம் வீட்டுக்கை. வீட்டுக்காரன் ரோட்டில" என்றார் இவர் ஒருநாள்.

"டொரண்டோவில நல்ல ஆஸ்பத்திரி இருக்காம்."

"நீயும் ஏஜென்ட் வேலை பாக்கிறியோ?"

அவர் என் கையைப் பிடித்தார். கை எலும்பாக இருந்தது.

"இஞ்சை பார். நான் கன இடத்தில வாடகைக்கு இருந்திட்டன். இருந்த இடமெல்லாம் ஆரோ எழும்பச் சொன்னவை. ஒரு இடத்தில எண்டாலும் நானா எழும்பிப் போகவேணும். அந்தக் கட்டிலில இருந்து என்னை ஆரும் எழுப்பாமல் பாத்துக்கொள்."

ஐம்பது வருடத்துக்குக் கிட்டக் குடும்பம் நடத்தினோம். இதைத் தாங்கோ, அதைச் செய்யுங்கோ என்று கேட்டது எல்லாம் நான்தான். அவர் என்னிடம் கேட்டது கொஞ்சம். தேத்தண்ணி கேட்பார். அதற்குப் பிறகு இதுதான்.

கார்த்திகை தொடங்கியது. எங்கள் ஆட்களுக்கு அது மரித்த ஆன்மாக்களின் மாதம். மருத்துவ நிலையத்தில் இருந்து வீட்டுக்கு வருகிற நேர்ஸ் இவரைப் பார்த்துவிட்டு, குசினிக்கு வந்து மருமகளிடம் பிரெஞ்சில் கதைத்தாள். மருமகளின் முகத்தைப் பார்த்து நான் பாதி விளங்கிக்கொண்டேன். மிச்சத்தை அவள் சொன்னாள்.

"இனி மாசக் கணக்கு இல்லையாம் மாமி. வாரக் கணக்காம். இனிமேல் கட்டிலை விட்டு எடுக்கக்கூடாதாம்."

அடுத்த நாள் காலை புல்லெல்லாம் வெள்ளையாக உறைபனி. நான் மகனுடைய பழைய கோட்டைப் போட்டுக்கொண்டு, சோறு அள்ளுகிற பெரிய கரண்டியோடு முற்றத்தில் இறங்கினேன். மண் மேலே இறுகியிருந்தது, கீழே இன்னும் இளக்கம். கரண்டி வளைந்துவிட்டது. மகன் உள்சட்டையோடு ஓடி வந்தான்.

"அம்மா, என்ன செய்யிறியள்?"

"சூசையப்பரை எடுக்கப் போறன். எனக்கு இவர் தேவை."

"வீடு இன்னும் விக்கேல்லை."

"தம்பி, இவர் வீடு விக்கிறவர் இல்லை. நல்ல சாவுக்குத்தான் இவரிட்டை மண்டாடுறது. இவர் சாகேக்கை ஒரு பக்கம் மனுசி இருந்தவ, மற்றப் பக்கம் மகன் இருந்தவர். அப்பிடி ஒரு சாவு வேணும் எண்டுதான் எங்கட சனம் கேக்கிறது. தலைகீழா நிக்கிறவர் எப்பிடிக் கொப்பருக்குத் துணைக்கு வாறது?"

அவன் உறைபனியில் வெறுங்காலோடு நின்றான். "வீடு விக்காட்டி நான் என்ன செய்யிறது அம்மா? வேலை போயிடும். அப்பாவை இஞ்சை வைச்சுக்கொண்டு நான் எப்பிடி அங்கை போறது?"

அவன் கேட்டதில் ஒரு பிழையும் இல்லை. கரண்டியை அவனிடம் நீட்டினேன். அவன் வாங்கி, குனிந்து அவனே தோண்டினான்.

சூசையப்பரைக் கழுவி, கட்டிலுக்குப் பக்கத்தில் மேசையில் நிமிர்த்தி வைத்தேன். இவர் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"முகத்தில மண் கிடக்கு."

"கழுவினனான்."

"மூக்குக்கை பார். நீ எதைத்தான் ஒழுங்காக் கழுவினனி?"

அந்தச் சனிக்கிழமைதான் அந்தக் குடும்பம் வந்தது. ஏஜென்ட் முதல்நாளே தொலைபேசியில் மூச்சு வாங்கினான். எங்கள் ஆட்களாம், நோத்ர-டாம்-த-கிரேஸில் வாடகைக்கு இருக்கிறார்களாம், வங்கியில் கடன் சரியாம், வெளியில் நின்று பார்த்தே பிடித்துப்போனதாம். ஒரேயொரு பிரச்சினை. இவரைக் காரில் ஏற்ற இயலாது.

"அந்த அறைக்கதவைச் சாத்தி வைப்பம் அம்மா. சாமான் அறை எண்டு சொல்லுறன்."

"சாமான் இருமினா?"

ஏஜென்ட் மகனைப் பார்த்தான். மகன் என் பக்கத்தில் வந்து இருந்தான். அப்படி வந்து இருந்து கன காலம்.

"அம்மா, ஆரும் கேட்டா அப்பாவுக்குச் சளித் தடிமன் எண்டு சொல்லுங்கோ. ஒரு சொல்லு. எங்கட ஆக்களைத் தெரியும்தானே, சாவு நடக்கப்போற வீடு எண்டு தெரிஞ்சா வாங்காயினம். இந்தக் குடும்பம் போனா பேந்து பனி போய்ச் சித்திரைக்குத்தான் ஆள் வரும்."

"சரி" என்றேன். சொல்லலாம் என்றுதான் நினைத்திருந்தேன்.

புருசன், பெண்சாதி, பெண்சாதியின் தாய். இளம் சோடி. பெண் மெல்ல நடந்தாள். வீடெல்லாம் கறுவா வாசம், விறகு அடுப்பில் நெருப்பு. அவர்கள் அடுப்புக்கு முன்னால் நின்று கையைச் சூடாக்கிச் சிரித்ததை நான் குசினியில் இருந்து பார்த்தேன். மருமகள் அவர்களை மேலே கூட்டிக்கொண்டு போனாள். மகனும் ஏஜென்டும் பின்னால் போனார்கள். அந்தத் தாய் மட்டும் படி ஏற முழங்கால் நோகுது என்று கீழே நின்றாள். என்னிலும் பார்க்கக் கொஞ்சம் இளையவள். கண் மட்டும் ஒரு இடத்தில் நிற்காது. வீடு வாங்குகிறதற்குக் கூட்டிக்கொண்டு போகிறதென்றால் அப்படி ஒருத்தியைத்தான் கூட்டிக்கொண்டு போகவேண்டும்.

நேரே போய் முன் அறைக் கதவைத் திறந்தாள்.

இவர் முழிப்பாக இருந்தார். மருந்து வாசமும் விக்ஸ் வாசமும் கறுவாவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தன. அந்த மனுசி உள்ளே போகவில்லை. வாசலில் நின்று இவருடைய முகத்தைப் பார்த்தாள், மேசையில் சூசையப்பரைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். சாவு பார்த்த சனத்துக்குச் சாவு தெரியும்.

"ஐயாவுக்கு என்ன?"

"வருத்தம்."

"அக்கா, ஒண்டு கேக்கிறன். கோவிக்காதேங்கோ. இந்த வீட்டில ஆரும் தவறிப் போனவையோ?"

தடிமன் என்கிற சொல்லு என் நாக்கு நுனியில்தான் இருந்தது. ஆனால் அவள் தடிமனைக் கேட்கவில்லை. இவரும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பொய் சொன்னால் அவரை அந்தக் கட்டிலில் இருந்து எழுப்பியது நானாகிவிடும்.

"இன்னும் இல்லை" என்றேன்.

கட்டிலில் இருந்து ஒரு சத்தம் வந்தது. இருமல் என்று நினைத்து ஓடினேன். சிரிப்பு. சிரித்துச் சிரித்துப் புரையேறி, கண்ணால் தண்ணீர் ஓட, ஒரு கையால் வயிற்றைப் பொத்திக்கொண்டு கிடந்தார். அந்த மனுசியும் முதலில் சிரிக்கத்தான் வாயெடுத்தாள். பிறகு அழுதாள். என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"குறை நினைக்காதேங்கோ அக்கா. என்ர மகளுக்கு வயித்தில இது நாலாம் மாசம்."

"நானும் வாங்கமாட்டன்" என்றேன்.

அவர்கள் போன பிறகு வீட்டில் கறுவாத் தண்ணீர் கொதிக்கிற சத்தம் மட்டும்தான் கேட்டது. ஏஜென்ட் கோட்டுத் தெறியைப் பூட்டிக் கழற்றிப் பூட்டினான். "சித்திரைக்கு இன்னும் ஏறும் அம்மா" என்றான் கடைசியில். ஆறுதலுக்குச் சொன்னது. நல்ல பிள்ளைதான்.

மகன் ஏசியிருந்தால் நானும் ஏசியிருப்பேன், இரண்டு பேருக்கும் சுகமாக இருந்திருக்கும். அவன் சாப்பாட்டுக் கோப்பையோடு எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தான். நாட்கள் அப்படிப் போயின. மருமகளிடம் மட்டும் ஒருக்கால் சொன்னானாம், அம்மாவுக்கு ஒரு சொல்லுச் சொல்ல ஏலாமல் போச்சே என்று. அவள் எனக்கு அதை வந்து சொன்னாள், நான் திருப்பி ஏதும் பகிடி விடுவேன் என்று பார்த்தாள். எனக்கு ஒன்றும் வரவில்லை.

வீடு அந்த வருடம் விற்காது என்று ஆகிவிட்டது. மகன் தனியாகப் போவது, நாங்கள் இருந்து பார்ப்பது என்று மகனும் மருமகளும் முடிவெடுத்தார்கள். போவதற்கு முந்தின சனிக்கிழமை மகன் விடியவே எழும்பிவிட்டான். பலகையைப் பிடுங்கி நிலத்தடி அறைக்குள் வைத்தான். ஏணி வைத்துப் பீலியில் ஊறிக்கிடந்த சருகை வெறுங்கையால் அள்ளினான். வெளிக்குழாயை அடைத்தான். வெள்ளைக் கூடாரத்தின் குழாய்களை ஒன்றுக்குள் ஒன்று செருகி நிமிர்த்தினான். பின்னேரம் தகப்பனுடைய அறைக்கு வந்து யன்னலுக்குத் தாள் ஒட்டினான்.

"மேல் மூலையில சுருங்கிக் கிடக்கு" என்றார் இவர்.

"பாக்கிறன் அப்பா."

"கிட்டப் பிடியாதை, ஓட்டை விழும். தள்ளிப் பிடி."

மெஷினின் சூட்டில் தாள் இழுபட்டுத் தெளிந்தது. இவர் தலையணையில் சாய்ந்தபடி அதைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். குசினியில் நான் மீன் குழம்பு வைத்தேன். ஒருவரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. இவருக்கு ஒரு வாயும் இறங்கவில்லை. கோப்பையை முகத்துக்குக் கிட்டப் பிடிக்கச் சொல்லி மணந்துவிட்டு, புளி கூட என்றார்.

அடுத்த நாள் மகன் பையோடு கட்டிலடியில் வந்து நின்றான்.

"போட்டு வாறன் அப்பா."

"ஓம். பீலியைப் பாத்தனியோ?"

"பாத்தனான்."

"பின்பக்கமும்?"

"ஓம் அப்பா."

எங்கள் வீட்டு ஆம்பிளைகளுக்கு அதற்கு மேல் கதைக்கத் தெரியாது. அவன் கதவடியில் சப்பாத்துக் கட்ட வெகுநேரம் எடுத்தான்.

மார்கழி நடுவில் ஒருநாள் விடியமுதல் மூச்சு மாறியது. மருமகள் டொரண்டோவுக்கு அறிவித்தாள். மகன் உடனே பஸ் ஏறினான். அன்றைக்கென்று பனி கொட்டியது, வழியெல்லாம் வாகனங்கள் ஊர்ந்தன. காலையில் மருமகள் கார்தரிக்கு லீவு சொல்லிவிட்டு வந்து அறையில் இருந்தாள். நான் கட்டிலின் இந்தப் பக்கம் இருந்தேன். மற்றப் பக்கத்துக் கதிரையில் ஒருவரும் இருக்கவில்லை. மருமகள் அதில் வந்து இருக்கப் பார்த்தாள். பிறகு என்ன நினைத்தாளோ, கட்டில் காலடியிலேயே நின்றுகொண்டாள்.

இவர் கண்ணைத் திறந்து கேட்டார். "எங்கை நிக்கிறம்?"

"வீட்டிலதான்."

"ஆரின்ர வீட்டில?"

"எங்கட வீட்டில. ஆரும் வாங்கேல்லை."

"வாங்காயினம்" என்றார். அதில் கொஞ்சம் பெருமை இருந்த மாதிரித்தான் எனக்குக் கேட்டது. மத்தியானத்துக்கு முதல் மூச்சு நின்றது. அவரை ஒருவரும் எழுப்பவில்லை.

டாக்டர் வந்து எழுதிக் கொடுத்தார். சவம் எடுக்கிறவர்களும் வந்தார்கள். மகன் வரட்டும் என்று மருமகள் பிரெஞ்சில் மன்றாடினாள். அவர்களும் இயன்றமட்டும் நின்றார்கள். பனி கூடக் கூட, இன்னும் நின்றால் வாகனம் வெளிக்கிடாது என்று சொன்னார்கள். மருமகள் ஓடிப்போய்ப் பனி தள்ளுகிற சவளால் படியில் இருந்து தெருவரைக்கும் ஒரு பாதை தள்ளினாள். தள்ளு கட்டில் போகிற அகலம் மட்டும். அதால் கொண்டுபோனார்கள். நான் யன்னலில் நின்றேன். தாள் ஒட்டின யன்னல், தட்டினாலும் வெளியில் கேட்காது.

மகன் வந்தபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. தெரு முனையில் இறங்கி நடந்து வந்தான். பஸ்சில் வந்தவனைத் தொலைபேசியில் பிடிக்க இயலாது, ஆகவே தகப்பன் போன செய்தியை ஒருவரும் அவனுக்குச் சொல்லவில்லை. தெருவில் நின்று அந்த ஒடுக்கமான பாதையையும் அதில் பாதி மூடிக்கிடந்த சக்கரத் தடத்தையும் பார்த்தான். நான் கதவைத் திறக்கவும் இல்லை, அவன் கேட்கவும் இல்லை. பையைப் பனிக்கு மேல் வைத்தான். படியில் சாத்தியிருந்த சவளை எடுத்தான்.

தெருவில் இருந்து தொடங்கினான். பாதையின் ஒரு ஓரத்தை வெட்டித் தள்ளினான், பிறகு மற்ற ஓரத்தை. டொரண்டோவில் வாங்கின புதுச் சப்பாத்து, பனிக்கு ஏற்றதில்லை. தொப்பியும் இல்லை. கார் விடுகிற இடம் முழுவதும் தள்ளினான். படிகளை ஒவ்வொன்றாகச் சுரண்டினான்.

"உள்ளுக்கை வரச் சொல்லுங்கோவன் மாமி" என்றாள் மருமகள்.

"விடு பிள்ளை."

இருட்டிக்கொண்டு வந்தது. மருமகள் வாசல் விளக்கைப் போட்டாள். அந்த வெளிச்சத்தில் அவன் குனிந்து, நிமிர்ந்து, குனிந்து, சுவரில் இருந்து தெருவரை ஒரு பொட்டுப் பனி இல்லாமல் தள்ளிக்கொண்டிருந்தான். அடுத்த நிமிடம் யாரோ வீடு பார்க்க வரப்போகிற மாதிரி.